விதை ஊன்றச் சின்ன பிளாஸ்டிக் தொட்டிகள்: எந்த அளவு, எந்த வகை வாங்குவது?

துளிர்வீடு (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். இதுவரை நாற்றாகவே வாங்கி நட்டுவந்தேன். இந்த முறை விதையிலிருந்து தொடங்கப்போகிறேன். தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றிலும் சில வகைகள்; கூடவே வெள்ளரி, பீர்க்கு, பூசணி, வரப்பில் வைக்கக் கொஞ்சம் செண்டுமல்லி. எல்லாம் சேர்ந்து சுமார் 120 நாற்றுகள் வேண்டும்.

சின்னத் தொட்டிகளை மொத்தமாக இணையத்தில் வாங்கலாம் என்று தேடத் தொடங்கியதிலிருந்து குழப்பம் கூடிக்கொண்டே போகிறது. வட்டம், சதுரம், அறுகோணம். வாய் அகலம் 5 சென்டிமீட்டரிலிருந்து 12 வரை. காகிதம்போல் மெல்லியது, கல்போல் தடித்தது. கறுப்பு, வெள்ளை, செங்கல் நிறம். படத்தில் எல்லாம் அழகாகத்தான் இருக்கின்றன. கைக்கு வந்தபிறகு எது உழைக்கும், எது ஒரே பருவத்தில் நொறுங்கும் என்று படத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது?

நாற்றுகளை வைக்க ஓர் அலமாரி இருக்கிறது. காலை வெயில் நன்றாக விழும், மதியத்துக்குப் பிறகு நிழல். பகலில் வேலைக்குப் போய்விடுவேன். தண்ணீர் ஊற்றுவது காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை. ஒரே அளவில் 120 தொட்டி வாங்கிவிடலாமா? அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

---

நாற்றுமேடை

வணக்கம். வாய் அகலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் நாள் கணக்கைப் பேசிவிடுவோம். ஒவ்வொரு பயிரும் அந்தத் தொட்டியில் எத்தனை நாள் குடியிருக்கப்போகிறது? தொட்டியின் அளவைத் தீர்மானிப்பது அதுதான்.

தக்காளியும் கத்தரியும் விதைத்த 25 முதல் 30 நாளில் நடவுக்குத் தயாராகிவிடும். மிளகாய் மெதுவாக முளைத்து மெதுவாக வளரும், அதற்கு 35 முதல் 40 நாள் கொடுக்க வேண்டும். வெள்ளரி, பீர்க்கு, பூசணி மூன்றும் வேறு சாதி. பெரிய விதை, வேகமான முளைப்பு. இரண்டு வாரத்தில் இரண்டு உண்மை இலை (முளைக்கும்போது வரும் வித்திலைகளுக்குப் பிறகு விரியும் இலை) விட்டதுமே எடுத்து நட்டாக வேண்டும். அதற்குமேல் தொட்டியில் வைத்திருந்தால் வேர் சுற்றிக்கொண்டு, நட்டபிறகு செடி அப்படியே நின்றுவிடும். வேரைத் தொடுவதும் அவற்றுக்குப் பிடிக்காது. ஆகவே கொடிவகைகளைத் தொடக்கத்திலேயே 8, 9 சென்டிமீட்டர் தொட்டியில் தனித்தனியாக ஊன்றிவிடுங்கள். நடும்போது மண்கட்டி உடையாமல் எடுத்து வைத்தால் போதும்.

தக்காளி, கத்தரி, மிளகாய், செண்டுமல்லி நான்கையும் குழித்தட்டில், அதாவது வரிசையாகச் சின்னக் குழிகள் உள்ள தட்டில், முளைக்கவிடலாம். எல்லா விதையும் முளைத்துவிடுவதில்லை. முளைக்காத விதைக்காக ஒரு தொட்டி நிறைய நாற்று வளர்க்கும் மண்கலவையைப் போட்டுக் காத்திருப்பது வீண். முளைத்து, உண்மை இலை விட்டதில் நல்லதாகப் பார்த்துத் தொட்டிக்கு மாற்றுங்கள். தக்காளிக்கு இந்த மாற்றம் நன்மையே செய்யும். தண்டை வித்திலை வரை புதைத்தால் புதைந்த இடத்திலிருந்தும் வேர் விடும்.

ஒரே அளவில் 120 வாங்குவது தேவையில்லை என்பது என் கருத்து.

---

ஈரமண்

நாற்றுமேடை ஐயா சொன்னதில் பாதியை ஏற்கிறேன். குழித்தட்டு என்ற இடத்தில்தான் எனக்குத் தயக்கம்.

கேட்டவர் பகலில் வீட்டில் இல்லை. 98 குழி உள்ள தட்டில் ஒரு குழி சில பத்து மில்லிலிட்டர் கலவையைத்தான் பிடிக்கும். செடி மூன்று, நான்கு இலை விட்டபிறகு அந்தக் கொஞ்சக் கலவை நண்பகலுக்குள் உலர்ந்துவிடும். நாற்று வளர்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்களுக்கு நிழல்வலையும் பகல் முழுக்கப் பார்த்துக்கொள்ள ஆளும் உண்டு, அவர்களுக்கு அது சரி. வேலைக்குப் போகிறவருக்குப் பெரிய தொட்டிதான் காப்பீடு. 7 சென்டிமீட்டர் தொட்டியில் இரண்டு விதை ஊன்றி, இரண்டும் முளைத்தால் மெலிந்ததைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடலாம். பிடுங்கினால் பக்கத்துச் செடியின் வேரும் அசையும். இடையில் மாற்றும் வேலையும் இல்லை.

---

நாற்றுமேடை

நியாயமான கவலை. ஆனால் குழித்தட்டில் ஒரு மாதம் வைக்கச் சொல்லவில்லை. முளைத்து முதல் உண்மை இலைகள் விரியும் வரைதான். அந்த வயதில் செடி குடிக்கும் தண்ணீர் மிகக் குறைவு. மறுபக்கத்தையும் பாருங்கள். பெரிய தொட்டி நிறைய ஈரக் கலவை, நடுவில் நூல்போல ஒரு முளை. வேர் எட்டாத இடத்து ஈரத்தை யாரும் குடிப்பதில்லை. அது நாள்கணக்கில் தேங்கி நிற்கும். தண்டு தரையோடு கருகிச் சாயும் நாற்றழுகல் அந்த ஈரத்தில்தான் பரவுகிறது. சின்னச் செடிக்குச் சின்ன வீடு என்பது இதனால்தான்.

50 குழி உள்ள தட்டு இரண்டு பக்கத்துக்கும் நடுவழி. குழி பெரிது, தண்ணீர் ஒரு வேளை தாங்கும்.

---

அளவுகோல்

வட்டமா சதுரமா என்ற கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. இது கணக்கில் தீர்ந்துவிடும் விஷயம்.

வட்டத் தொட்டிகளை வரிசையாக நெருக்கி அடுக்கினாலும் அலமாரிப் பரப்பில் 78.5 விழுக்காடுதான் தொட்டி, மீதி 21.5 விழுக்காடு இடைவெளி. சதுரத்தில் இந்த இழப்பு இல்லை. ஒரே வாய் அகலம், ஒரே உயரம் என்றால் சதுரத் தொட்டி கலவையும் கூடுதலாகப் பிடிக்கும்.

இதைவிட முக்கியம், தொட்டியை வைக்கும் தட்டு. தொட்டிகளைத் தனியாக அலமாரியில் வைத்தால் எடுத்து வைக்கவே பொழுது போய்விடும். தட்டோடு நகர்த்த வேண்டும். அடியில் தண்ணீர் ஊற்றவும் தட்டு வேண்டும். ஆகவே தட்டை முதலில் தேர்ந்தெடுங்கள், அதற்குப் பொருந்தும் தொட்டியைப் பிறகு தேடுங்கள். பலரும் தலைகீழாகச் செய்கிறார்கள்.

தட்டின் உள்ளளவு 52 × 26 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 8.5 சென்டிமீட்டர் சதுரத் தொட்டி நீளவாக்கில் 6, அகலவாக்கில் 3 என 18 உட்காரும். அதே தட்டில் 9 சென்டிமீட்டர் தொட்டி நீளத்தில் 5, அகலத்தில் 2, மொத்தம் 10தான். அரை சென்டிமீட்டர் கூடியதற்கு எட்டுத் தொட்டிக்கான இடம் போய்விட்டது! விற்பவர் "9 சென்டிமீட்டர்" என்று எழுதியிருப்பது விளிம்பின் வெளி அளவா உள் அளவா என்று கேட்காமல் வாங்கினால் இப்படித்தான் மாட்டிக்கொள்ள நேரும். அங்குலக் கணக்கில் விற்பவற்றில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். "4 அங்குலம்" என்பது பல இடங்களில் ஒரு பெயர்தான், அளந்தால் மூன்றரைக்குப் பக்கத்தில் நிற்கும்.

---

வேர்க்கொடி

அளவுகோல் சொன்ன கணக்கோடு ஒரு சேர்க்கை. தட்டை முழுதாக நிரப்ப முடியும் என்பதற்காக நிரப்பியே வைக்காதீர்கள். 18 தக்காளி நாற்றும் தோளோடு தோள் உரசி நின்றால் ஒன்றையொன்று முந்தப்பார்த்து ஒல்லியாக நெடுக வளர்ந்துவிடும். இலைகள் தொடும் நாளில் ஒன்றுவிட்டு ஒன்று எடுத்து வேறு தட்டுக்கு மாற்றுங்கள். ஆகவே தட்டுகளைத் தேவைக்கு இருமடங்காக வாங்குங்கள். தொட்டியில் மிச்சம் பிடிக்கலாம், தட்டில் பிடிக்கக் கூடாது.

---

துளிர்வீடு

தட்டு முதலில், தொட்டி பிறகு! இந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. மிக்க நன்றி.

அடுத்து என்னைக் குழப்புவது தடிமன். மெல்லிய தொட்டிகள் நூறு நூறாகக் கட்டி வருகின்றன. தடித்தவை பத்துப் பத்தாக வருகின்றன. பல ஆண்டுகளுக்கு வைத்திருந்து பயன்படுத்த வேண்டும் என்பது என் ஆசை. தடித்ததையே வாங்கிவிடலாம்தானே?

---

வார்ப்பட்டறை

பிளாஸ்டிக் வார்ப்பு என் தொழில் என்பதால் இந்த இடத்தில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தடிமன் மட்டுமே ஆயுளைச் சொல்லிவிடாது. எப்படிச் செய்தது, எந்தப் பிளாஸ்டிக், வெயிலுக்குப் பாதுகாப்பு கலந்திருக்கிறதா என்ற மூன்றும் சேர்ந்துதான் சொல்லும்.

செய்முறை இரண்டு வகை. பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சுக்குள் இழுத்துப் படியவைப்பது ஒன்று. தகடு இழுபடும்போது அடி மூலைகளில்தான் அதிகம் இழுபடும், ஆகவே அங்கேதான் மிக மெலிந்திருக்கும். விளிம்பு கனமாகத் தெரிகிறதே என்று நம்பிவிடாமல் அடி மூலையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். இந்த வகையில் துளைகளைப் பிறகு வெட்டுவார்கள், துளை ஓரம் கூராக இருக்கும். இன்னொன்று, உருகிய பிளாஸ்டிக்கை அழுத்தத்தில் அச்சுக்குள் செலுத்தி வார்ப்பது. இதில் தொட்டியைக் கவிழ்த்தால் அடியின் நடுவில் சின்னக் கொப்புளம்போல் ஒரு தழும்பு இருக்கும், பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடம் அது. சுவர் எங்கும் சீரான கனம், துளைகளும் அச்சிலேயே வந்துவிடும். பல பருவம் உழைக்க வேண்டுமானால் இரண்டாவது வகையைத் தேடுங்கள்.

அடுத்து, அடியில் உள்ள முக்கோணக் குறிக்குள் இருக்கும் எண். 1988இல் வந்த இந்தக் குறியீடு தரத்தைச் சொல்வதில்லை, பிளாஸ்டிக்கின் வகையை மட்டும் சொல்கிறது. 5 என்றால் பாலிபுரொப்பிலீன். வளையும், மீண்டும் நிமிரும். நாற்றை எடுக்கும்போது தொட்டியின் இடுப்பை இரண்டு பக்கமும் மெல்ல அமுக்கினால் மண்கட்டி சுவரைவிட்டு விலகி முழுதாக வந்துவிடும். 6 என்றால் பாலிஸ்டைரீன். விறைப்பாக இருக்கும், பார்க்கவும் நேர்த்தி. அமுக்கினால் "படக்" என்று கீறல் விழும். ஒரே பருவத்துக்கானால் சரி. 2 என்ற எண்ணுள்ள அடர் பாலிஎத்திலீனும் வளைந்து கொடுக்கும், நன்றாக உழைக்கும்.

மூன்றாவது வெயில். பாதுகாப்பு கலக்காத பாலிபுரொப்பிலீன் வெயிலில் கிடந்தால் முதலில் பளபளப்பு போகும், பிறகு தொட்ட இடத்தில் சுண்ணாம்புபோல் தூள் ஒட்டும், பிறகு கைப்பிடியில் சில்லுசில்லாக உடையும். கறுப்புத் தொட்டிகள் அதிகம் விற்பதற்கு ஒரு காரணம், நிறத்துக்காகச் சேர்க்கும் கரித்தூளே புற ஊதாக் கதிரைத் தடுத்துவிடும் என்பது.

ஆகவே கல்போல் தடித்தது வேண்டாம். அமுக்கினால் வளைய வேண்டும், விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்ப வேண்டும். அமுக்கவே முடியாத தொட்டியில் நாற்றைக் கவிழ்த்துத் தட்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். இளம் வேருக்கு அது நல்லதல்ல.

---

மாடிப்பசுமை

அருமையான விளக்கம் ஐயா. அடுக்கைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஒன்றுக்குள் ஒன்று செருகி வரும் தொட்டிகள் சில நேரம் இறுகிக்கொண்டு பிரியவே மாட்டா. இழுத்தால் விளிம்பு கிழியும். நல்ல தொட்டியில் உட்சுவரிலோ அடியிலோ சின்னப் படிகள் இருக்கும். மேலே உள்ள தொட்டி அதன்மேல் அமர்வதால் முழுதாக இறங்காது. வாங்கும்போது யாரும் கவனிக்காத இடம் இது. நூறு தொட்டியைப் பிரித்துக் கலவை நிரப்பும் நாளில் இதன் அருமை தெரியும்.

---

இலைமக்கு

இவ்வளவு பேர் இவ்வளவு எழுதிவிட்டீர்கள், பிளாஸ்டிக்கே வேண்டுமா என்று ஒருவரும் கேட்கவில்லை. செய்தித்தாளைச் சுருட்டிச் செய்த குவளை, தென்னை நார்த் தொட்டி, சாணத் தொட்டி என்று எத்தனையோ இருக்கின்றன. அப்படியே மண்ணில் புதைத்துவிடலாம், வேரைத் தொடவே வேண்டாம், குப்பையும் சேராது. 120 பிளாஸ்டிக் தொட்டிகள் ஒரு நாள் எங்கே போய்ச் சேரும் என்று நினைத்துப் பாருங்கள். கறுப்புத் தொட்டியை மறுசுழற்சிக்குப் போட்டாலும் பெரும்பாலும் பயனில்லை. பிரிக்கும் ஆலைகளில் அகச்சிவப்பு ஒளியை வைத்துத்தான் பிளாஸ்டிக்கை இனம் காண்கிறார்கள். கரித்தூள் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் கருவியின் கண்ணுக்குக் கறுப்புத் தொட்டி தெரிவதே இல்லை.

---

ஈரமண்

கேட்க வேண்டிய கேள்வி. எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. ஆனால் மக்கும் தொட்டிகளில் இரண்டு சிக்கலைச் சொல்லியாக வேண்டும். நார்த் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகிப் போகும், பிளாஸ்டிக்கைவிட அடிக்கடி தண்ணீர் ஊற்ற வேண்டும். பகலில் வீட்டில் இல்லாதவருக்கு இது சுமை. நடும்போது விளிம்பு மண்ணுக்கு மேலே ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தால், வேரைச் சுற்றியுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக் காற்றில் விட்டுவிடும். விளிம்பைக் கிள்ளிவிட்டு முழுதாகப் புதைக்க வேண்டும். உலர்ந்த மண்ணில் தொட்டி மக்க நாளாகும், அதுவரை வேர் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும்.

கொடிவகைகளுக்கு மட்டும் காகிதக் குவளை மிகப் பொருத்தம் என்பேன். இரண்டு வாரத்துக்குள் நட்டுவிடுவதால் காகிதம் நைந்துபோவதற்குள் வேலை முடிந்துவிடும்.

---

வார்ப்பட்டறை

இலைமக்கு சொன்ன மறுசுழற்சிச் செய்தி உண்மைதான். அதனால்தான் கரித்தூள் இல்லாத வேறு நிறமிகளால் செய்த பழுப்பு, சாம்பல் நிறத் தொட்டிகள் சந்தைக்கு வந்திருக்கின்றன. பழைய பிளாஸ்டிக்கை உருக்கிச் செய்த தொட்டிகளும் கிடைக்கின்றன. நாற்றுக்கு அது எந்தக் குறையும் இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே தொட்டியைப் பத்துப் பருவம் பயன்படுத்துவதுதான் குப்பையைக் குறைக்கும். ஒரே பருவத்தில் உடையும் தொட்டி எத்தனை மலிவாக இருந்தாலும் வாங்காதீர்கள் என்று தொழிலில் இருக்கும் நானே சொல்கிறேன்.

---

வேர்க்கொடி

இன்னும் யாரும் தொடாத இடத்துக்கு வருகிறேன்: உயரமும் துளையும். நாற்றின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

தண்ணீர் ஊற்றி வடிந்து முடிந்தபிறகும் எந்தத் தொட்டியிலும் அடியில் ஓர் அடுக்குக் கலவை முழுக்க நனைந்தே இருக்கும். அங்கே காற்றுக்கு இடம் இல்லை. அந்த அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது கலவையின் துகள்கள் எவ்வளவு நுண்மை என்பதுதான். தொட்டி குட்டையா நெட்டையா என்பது அதை மாற்றாது. பாத்திரம் துலக்கும் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் முழுக்கி, படுக்கைவாட்டில் பிடித்துக்கொள்ளுங்கள். சொட்டுவது நின்றபிறகு அப்படியே நெட்டுக்குத்தாகத் திருப்புங்கள். மறுபடியும் தண்ணீர் கொட்டும்! பஞ்சு அதே பஞ்சுதான், உயரம் மட்டுமே கூடியிருக்கிறது. தொட்டியிலும் இதே கதைதான். நனைந்த அடுக்கு 3 சென்டிமீட்டர் என்றால், 5 சென்டிமீட்டர் உயரத் தொட்டியில் வேர் மூச்சுவிட 2 சென்டிமீட்டர்தான் மிச்சம். 9 சென்டிமீட்டர் உயரத்தில் 6 இருக்கும். ஒரே கொள்ளளவில் அகலமான குட்டைத் தொட்டியும் ஒடுங்கிய நெட்டைத் தொட்டியும் கிடைத்தால் நெட்டையை எடுங்கள்.

அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடியும் என்பார்கள். வடியாது. நனைந்த அடுக்கு கல்லுக்கு மேலே ஏறிக்கொள்ளும், வேருக்கான இடம்தான் குறையும். கலவை ஒழுகாமல் இருக்க ஒரு துண்டு வலையோ காகிதமோ போதும்.

துளை எத்தனை என்பதைவிட எங்கே என்று பாருங்கள். அடி தட்டையாக, நடுவில் மட்டும் ஒரு துளை உள்ள தொட்டியைச் சமதளத்தில் வைத்தால் துளை அடைபட்டுப்போகும். அடி ஓரத்தில், சுவர் வளையும் இடத்தில் தொடங்கும் துளைகள் நல்லவை. அடியில் சின்னக் கால்களோ மேடுகளோ இருந்தால் இன்னும் நல்லது, காற்றும் நுழையும். அடியிலிருந்து தண்ணீர் உறிஞ்சவும் அதே துளைதான் வழி. தட்டில் தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் மேல்மண் நிறம் மாறிவிட்டால் துளைகள் வேலை செய்கின்றன என்று பொருள். மிச்சத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள்.

---

மரக்கன்று

காய்கறியோடு மரவிதையும் போடும் எண்ணம் யாருக்காவது இருந்தால் ஓர் எச்சரிக்கை. வழவழப்பான வட்டச் சுவரில் வேர் வளைந்து வளைந்து சுற்றும். நான்கு வாரத்தில் எடுத்து நடும் தக்காளிக்கு அது பெரிய கேடில்லை. மரத்துக்கு அந்தச் சுற்று ஆயுள் முழுக்க நிற்கும். வளர்ந்தபிறகு காற்றில் சாய்வதற்கே அது காரணமாகலாம். சுவரில் மேலிருந்து கீழாக வரம்புகள் ஓடும், அடி திறந்த நெட்டைக் குழாய்த் தொட்டிகள் மரக்கன்றுக்கென்றே இருக்கின்றன. வரம்பு வேரைக் கீழ்நோக்கி நடத்தும், திறந்த அடியில் காற்றுப் பட்ட வேர்நுனி காய்ந்து பக்கவேர்கள் பெருகும். அவற்றைத் தரையிலிருந்து உயர்த்தி வைத்தால்தான் இந்தப் பலன் கிடைக்கும்.

---

துளிர்வீடு

மரவிதை இப்போது இல்லை, ஆனால் குறித்துக்கொண்டேன். பஞ்சைத் திருப்பிப் பார்த்தேன், உண்மையாகவே கொட்டுகிறது!

நிறம் பற்றி ஒரே கேள்வி. வெயிலைத் தாங்குவது கறுப்பு என்றால், வெப்பத்தையும் அதுதானே அதிகம் இழுக்கும்?

---

மாடிப்பசுமை

இழுக்கும். நேரடி வெயில் விழும் கறுப்புத் தொட்டியின் சுவரோரக் கலவை 40 பாகை செல்சியஸைத் தாண்டுவது வழக்கமாக நடக்கிறது. அந்தச் சூட்டில் வெயில் பக்கத்து வேர்நுனிகள் கருகிவிடும். தொட்டி சின்னதாக ஆக ஆக இந்த ஆபத்து கூடும், கலவை குறைவாக இருப்பதால் சீக்கிரம் சுட்டுவிடும். ஆனால் உங்களுக்குக் காலை வெயில் மட்டும்தான் என்பதால் அஞ்ச வேண்டாம். தட்டில் நெருக்கி வைத்தால் உள்வரிசைகளுக்கு வெளிவரிசையே நிழல். வெயில் விழும் பக்கம் ஒரு வெள்ளை அட்டையைச் சாய்த்து வைத்தால் வெளிவரிசையும் தப்பும்.

வெள்ளைத் தொட்டி குளிர்ச்சிதான். ஆனால் மெல்லிய வெள்ளைச் சுவர் வழியாக ஒளி உள்ளே புகும். உட்சுவரெங்கும் பச்சைப்பாசி படரும். விளக்கொளியில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விரலின் நிழல் மறுபக்கம் தெரிந்தால் வேண்டாம்.

---

அளவுகோல்

வாங்குவதற்கு முன் விற்பவரிடம் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை: மேல்வாய் வெளி அளவு, அடி அகலம், உயரம், ஒரு தொட்டியின் எடை, கவிழ்த்து எடுத்த ஒரு படம். கவிழ்த்த படம் கிடைத்தால் துளை, கால்கள், வார்ப்புத் தழும்பு, முக்கோண எண் என அத்தனையும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். படம் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள். ஒரே அளவுள்ள இரண்டு தொட்டிகளில் எது கனம் என்று எடையே காட்டிக்கொடுக்கும்.

கொள்ளளவை அவர்கள் சொல்வதை நம்பாமல் நீங்களே கணக்கிடலாம். 7 வாய், 5 அடி, 8 உயரம் உள்ள சதுரத் தொட்டி சுமார் 290 மில்லி. 8.5 வாய், 6 அடி, 9 உயரம் என்றால் சுமார் 480. விளிம்பிலிருந்து 1 சென்டிமீட்டர் குறைத்துத்தான் கலவை போடுவோம், அப்போது இந்த 480 ஏறத்தாழ 410 ஆகிவிடும். கையில் தொட்டி இருந்தால் இன்னும் எளிது. உள்ளே ஒரு மெல்லிய பையை விரித்துத் தண்ணீர் நிரப்பி, அந்தத் தண்ணீரை எடைபோடுங்கள். ஒரு கிராம், ஒரு மில்லி.

இது ஏன் முக்கியம் என்றால், 120 தொட்டிக்கும் 410 மில்லி என்றால் 49 லிட்டர் கலவை வேண்டும். தொட்டிக்கு ஆகும் செலவை மட்டும் பார்ப்பவர்கள் அதை நிரப்பும் செலவை மறந்துவிடுகிறார்கள்.

---

துளிர்வீடு

எல்லாவற்றையும் படித்துவிட்டு இப்படி முடிவு செய்திருக்கிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள். 50 குழித் தட்டு மூன்று: தக்காளி, கத்தரி, மிளகாய், செண்டுமல்லி முளைக்க. 8.5 சென்டிமீட்டர் சதுரத் தொட்டி, 9 உயரம், எண் 5, கறுப்பு: 72. அவற்றுக்கு எட்டுத் தட்டு. வெள்ளரிக்கும் பூசணிக்கும் பீர்க்குக்கும் காகிதக் குவளை. செண்டுமல்லியைக் குழித்தட்டிலிருந்தே நேராக வரப்பில் நட்டுவிடுவேன். முதலில் பத்துத் தொட்டி மட்டும் வரவழைத்து, கலவை நிரப்பி, தண்ணீர் ஊற்றிப் பார்த்துவிட்டு மீதியை வாங்குவேன்.

ஒரு சந்தேகம் பாக்கி. மறுபருவத்துக்கு எடுத்து வைக்கும்போது கழுவினால் மட்டும் போதுமா?

---

நாற்றுமேடை

திருத்த ஒன்றும் இல்லை. மிளகாயை மட்டும் மற்றவற்றுக்குப் பத்து நாள் முன்னதாக விதைத்துவிடுங்கள், நடவு ஒன்றாக வரும்.

கழுவுவது போதாது. நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சைகள் சுவரில் ஒட்டிய மண்ணிலும் காய்ந்த வேர்த்துணுக்கிலும் உயிரோடு கிடக்கும். முதலில் தூரிகையால் தேய்த்து மண்ணை முழுதாகப் போக்குங்கள். அழுக்கு இருந்தால் மருந்தின் வீரியம் அழுக்கோடே தீர்ந்துவிடும். பிறகு துணி வெளுக்கும் குளோரின் கரைசல் ஒரு பங்கு, தண்ணீர் ஒன்பது பங்கு கலந்து பத்து நிமிடம் முழுக்கி வையுங்கள். நல்ல தண்ணீரில் அலசிக் காயவிடுங்கள். கையுறை போட்டுக்கொள்ளுங்கள், காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். அந்தக் கரைசலோடு அமிலம், வினிகர், வேறு எந்தக் கழுவும் மருந்தையும் கலக்கவே கூடாது, நச்சுவாயு கிளம்பும்.

காய்ந்தபிறகு அடுக்கி வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

---

இலைமக்கு

கொடிவகைக்குக் காகிதம் என்று முடிவெடுத்ததில் மகிழ்ச்சி. பளபளப்பான வண்ணத்தாள் வேண்டாம், சாதாரணச் செய்தித்தாள் இரண்டு மடிப்பு. குவளைகளைத் தட்டில் ஒன்றோடொன்று சாய்த்து நெருக்கி நிறுத்துங்கள். தனியாக நின்றால் நனைந்ததும் சரிந்துவிடும். தூக்கும்போது அடியில் கை கொடுத்துத் தூக்குங்கள்.